கெமட்ரியா: எபிரேய எழுத்துகளின் எண் மதிப்பு, கூட்டும் முறை, வழக்கமாக நேரும் பிழைகள்

ஓலைச்சுவடி:

கெமட்ரியா என்று தமிழில் தேடினால் பெயரை மாற்றச் சொல்லும் எண்கணிதப் பலன்கள்தான் வந்து நிற்கின்றன. யூதர்களின் எழுத்தெண் கணக்கு அதுவல்ல. அதை அதன் சொந்த எழுத்திலேயே வைத்துப் புரிந்துகொள்ளத்தான் இந்த இழை.

எபிரேயத்தில் 22 எழுத்து. எல்லாம் மெய், உயிர் ஒலிகளுக்குப் பின்னாளில் வந்த புள்ளிக்குறிகளுக்கு எண் கிடையாது. மதிப்பு இப்படி ஏறும்:

ஆலெஃப் 1, பேத் 2, கிமெல் 3, தாலெத் 4, ஹே 5, வாவ் 6, ஸயின் 7, ஹேத் 8, தேத் 9
யோத் 10, காஃப் 20, லாமெத் 30, மேம் 40, நூன் 50, ஸாமெக் 60, ஆயின் 70, பே 80, ஸாதே 90
கோஃப் 100, ரேஷ் 200, ஷின் 300, தாவ் 400

இடமதிப்பு இல்லை, பூஜ்யமும் இல்லை. சொல்லில் உள்ள எழுத்துகளின் மதிப்பைக் கூட்டினால் முடிந்தது. 'உயிருள்ள' என்று பொருள்படும் 'ஹாய்' என்ற சொல் ஹேத், யோத்: 8 + 10 = 18. யூதர்கள் நன்கொடையும் மொய்யும் 18, 36, 54 என்று 18-இன் மடங்கில் வைப்பது இதனால்தான்.

இரண்டு எண்களுக்கு மட்டும் விதிவிலக்கு. 15-ஐ யோத்-ஹே என்று எழுதினால் அது இறைவன் பெயரின் பகுதியாகிவிடும். 16-ஐ யோத்-வாவ் என்று எழுதினாலும் அப்படியே. ஆகவே 15 = தேத்-வாவ் (9 + 6), 16 = தேத்-ஸயின் (9 + 7). ஷ்வாத் மாதம் 15-ஆம் நாள் வரும் மரங்களின் திருநாளுக்கு 'தூ பிஷ்வாத்' என்று பெயர். அந்தத் 'தூ' தேத்-வாவைச் சேர்த்து வாசிக்கும் ஒலிதான்.

ஆண்டுக்கு ஆயிரத்தை விட்டுவிட்டு மீதியைத்தான் எழுதுவார்கள். 5786 என்றால் தாவ், ஷின், பே, வாவ்: 400 + 300 + 80 + 6 = 786. கடைசி எழுத்துக்கு முன்னால் இரட்டைக் கோடு ஒன்று வரும். 'இது சொல் அல்ல, எண்' என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த 786-உடன் 1240-ஐக் கூட்டினால் 2026; யூத ஆண்டின் பெரும்பகுதி விழும் ஆங்கில ஆண்டு அது.

---

மலைச்சாரல்:

நல்ல தொடக்கம் ஐயா. ஒரு கணக்கு ஒட்டவில்லை. யூதர்களின் வேதமான 'தோரா'வுக்கு 611 என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. தேத் 9, வாவ் 6, ரேஷ் 200, ஹே 5 என்று கூட்டினால் 220தான் வருகிறது. பிழை எங்கே?

---

ஓலைச்சுவடி:

முதல் எழுத்தில். தோராவின் 'த' தேத் அல்ல, தாவ். 400 + 6 + 200 + 5 = 611.

தமிழ் வழியாகவோ ஆங்கில எழுத்து வழியாகவோ வருகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. நம் காதுக்கு ஒன்றாகக் கேட்கும் ஒலிக்கு அங்கே இரண்டு எழுத்து இருக்கும், மதிப்போ எங்கோ இருக்கும். தேத் 9, தாவ் 400. ஹே 5, ஹேத் 8. காஃப் 20, கோஃப் 100. ஸாமெக் 60, 'ஸ' ஒலியில் வாசிக்கப்படும் ஷின் 300. ஆலெஃபும் ஆயினும் இன்றைய பேச்சில் பலருக்கு ஒலியே இல்லாதவை, ஆனால் 1-க்கும் 70-க்கும் எவ்வளவு தூரம்! காதால் கேட்டதைக் கணக்குப் போடக் கூடாது. எபிரேய எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்த பிறகே பென்சிலை எடுங்கள்.

அந்த 611-க்கு ஒரு பயனும் உண்டு. யூத மரபில் கட்டளைகள் 613. மோசே வழியாக வந்தவை 'தோரா'வின் எண்ணான 611, பத்துக் கட்டளைகளில் முதல் இரண்டையும் மக்கள் இறைவனிடமே நேராகக் கேட்டார்கள், ஆக 613 என்று யூதச் சட்ட விவாத நூலான தல்மூதின் மக்கோத் பகுதி கணக்குச் சொல்கிறது. எண்ணை நினைவில் நிறுத்தவும், ஏற்கெனவே நம்பும் கருத்தை வசனத்தில் கட்டிவைக்கவும் யூத மத அறிஞர்களான ரபிகள் இதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

---

நெல்லைக் கணக்கன்:

அதே வகையில் இன்னும் இரண்டு. ஆதியாகமம் 14:14-இல் ஆபிரகாம் 318 பேரைக் கூட்டிக்கொண்டு போருக்குப் போகிறார். அவருடைய பணியாளர் எலியேசர்: ஆலெஃப் 1, லாமெத் 30, யோத் 10, ஆயின் 70, ஸயின் 7, ரேஷ் 200. கூட்டினால் 318. போனது எலியேசர் ஒருவர்தான் என்று ஒரு விளக்கம் இதிலிருந்து பிறந்தது. இன்னொன்று, திராட்சை மதுவுக்கு 'யாயின்': 10 + 10 + 50 = 70. இரகசியத்துக்கு 'ஸோத்': 60 + 6 + 4 = 70. மது உள்ளே போனால் இரகசியம் வெளியே வரும் என்ற பழமொழிக்கு இந்த இரண்டு எழுபதும் கைகொடுத்தன.

பலர் கவனிக்காத ஒன்று: இந்தக் கணக்கு எபிரேயர்களுக்கு மட்டும் உரியதல்ல. 'கெமட்ரியா' என்ற சொல்லே கிரேக்கத்தில் நில அளவையைக் குறிக்கும் 'கெயோமெத்ரியா'விலிருந்து வந்தது என்பதுதான் பொதுவான கருத்து. கிரேக்கர்கள் தங்கள் 24 எழுத்தோடு வழக்கொழிந்த மூன்றைச் சேர்த்து (6, 90, 900) 27 குறிகளால் 1 முதல் 900 வரை எழுதினார்கள். பொம்பெய்யில் ஒரு சுவர்க் கிறுக்கல்: '545 என்ற எண்ணுக்கு உரியவளைக் காதலிக்கிறேன்'. பெயரை மறைத்துச் சொல்ல எண் உதவியது. எரிமலை வெடித்து அந்த நகரம் புதைந்தது பொ.ஆ. 79, ஆகவே அந்தக் கிறுக்கல் அதற்கு முந்தியது.

நீரோவைப் பற்றி ரோமில் உலவிய கிரேக்க வரி ஒன்றை ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் பதிந்து வைத்திருக்கிறார். 'நெரோன்' = 50 + 5 + 100 + 800 + 50 = 1005. 'சொந்தத் தாயைக் கொன்றான்' என்பதற்கான மூன்று கிரேக்கச் சொற்கள் 75, 454, 476. அதுவும் 1005.

---

மலைச்சாரல்:

பைபிளின் வெளிப்படுத்தல் நூலில் மிருகத்தின் எண்ணாக வரும் 666-ம் நீரோதான் என்கிறார்களே, அதுவும் கிரேக்கக் கணக்கா?

---

நெல்லைக் கணக்கன்:

இல்லை, அது எபிரேய எழுத்தில் போட்டால்தான் வரும். 'நெரோன் கேஸர்' (நீரோ சீசர்): நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, சேர்த்து 306. கோஃப் 100, ஸாமெக் 60, ரேஷ் 200, சேர்த்து 360. மொத்தம் 666.

எதிர்வாதமும் உண்டு. 'கேஸர்' என்ற சொல்லை வழக்கமாக யோத் சேர்த்து எழுதுவார்கள். அப்படி எழுதினால் 676 ஆகிவிடும். ஆனால் சாக்கடலோரம் முரப்பாத் குகையில் கிடைத்த, நீரோவின் 2-ஆம் ஆட்சியாண்டுக்குரிய பத்திரம் ஒன்றில் யோத் இல்லாத வடிவமே இருக்கிறது. ஆக அந்த எழுத்துக்கூட்டல் எண்ணுக்காக வளைத்தது அல்ல, அந்தக் காலத்தில் வழங்கியதுதான்.

வலுவான சான்று இன்னொன்று. வெளிப்படுத்தல் நூலின் சில பழைய படிகளில் 666-க்குப் பதில் 616 இருக்கிறது. எகிப்தின் ஒக்சிரிங்கஸில் கிடைத்த பாப்பிரஸ் 115-உம் அவற்றில் ஒன்று. லத்தீன் வழக்குப்படி 'நெரோ' என்று எழுதிக் கடைசி நூனை விட்டால் 50 குறையும்: 616. இரண்டு பாடத்தையும் ஒரே பெயர் விளக்கிவிடுகிறது. மற்ற ஊகங்களைவிட இதை நான் நம்புவதற்குக் காரணம் இதுதான்.

---

காயல் வாசகன்:

ஓலைச்சுவடி ஐயா 5786-க்கு 786 என்று எழுதியதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. நம் ஊர்க் கடைப் பலகைகளிலும் கல்யாணப் பத்திரிகைகளின் உச்சியிலும் இருக்கும் 786-ஐ அறியாதவர் இல்லை. அது 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' என்ற வாசகத்தின் எண்; போடுவது அரபியின் எழுத்தெண் முறையான அப்ஜத் கணக்கு. முதல் 22 எழுத்துக்கு எபிரேயத்தின் வரிசையும் மதிப்புமே. அரபிக்கு மட்டும் உரிய ஆறு எழுத்தும் அதன் பின்னால் 500, 600, 700, 800, 900, 1000 என்று தொடர்கின்றன.

பிஸ்மில்லாவைப் பிரித்துக் காட்டுகிறேன்:

பிஸ்ம்: பா 2, ஸீன் 60, மீம் 40 = 102
அல்லாஹ்: அலிஃப் 1, லாம் 30, லாம் 30, ஹா 5 = 66
அர்ரஹ்மான்: 1 + 30 + 200 + 8 + 40 + 50 = 329
அர்ரஹீம்: 1 + 30 + 200 + 8 + 10 + 40 = 289
மொத்தம் 786

இங்கே இரண்டு விதியைப் பார்க்க வேண்டும். 'அர்ரஹ்மான்' என்று வாயால் சொல்லும்போது லாம் கேட்பதில்லை; எழுத்தில் இருப்பதால் 30 உண்டு. 'மான்' என்று நீட்டும் ஒலி கேட்கிறது. அங்கே அலிஃப் வரிசையில் இல்லை, மேலே சிறு கோடாக மட்டும் போடுவார்கள், அதனால் எண் இல்லை. நீட்டலுக்கு அலிஃபைப் போட்டுக் கூட்டினால் 787 வரும். ஷத்தா (எழுத்து இரட்டிப்பதைக் காட்டும் குறி) போட்ட எழுத்தையும் ஒருமுறைதான் எண்ண வேண்டும்.

பிஸ்மில்லாவுக்குப் பதிலாக எண்ணை எழுதுவது முறையல்ல என்று கண்டிக்கும் ஆலிம்கள் இருக்கிறார்கள். கண்ட இடத்தில் விழும் காகிதத்தில் இறைவன் பெயர் மிதிபடக் கூடாதே என்று எண்ணை எழுதுபவர்களும் இருக்கிறார்கள். நான் இங்கே கணக்கை மட்டும் சொல்கிறேன்.

மொரோக்கோ பக்கத்து நூல்களைத் திறப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மக்ரிப் வரிசையில் ஆறு எழுத்து இடம் மாறும். ஸீன் அங்கே 60 அல்ல, 300. ஷீன் 300 அல்ல, 1000. எந்த ஊர்ப் பிரதி என்று தெரியாமல் ஆண்டைக் கணித்தால் நூற்றுக்கணக்கில் தவறும்.

---

ஸ்வரஜதி:

தமிழர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் எழுத்தெண் முறை கடபயாதி; வடமொழி எழுத்து வரிசையில் க, ட, ப, ய ஒவ்வொன்றிலும் 1 என்று எண்ணத் தொடங்குவது. இது கெமட்ரியாவின் கிளை அல்ல. அங்கே கூட்டல், இங்கே இடமதிப்பு. ஒவ்வோர் எழுத்தும் ஓர் இலக்கம். வலமிருந்து இடமாகத் திருப்பி வாசிக்க வேண்டும். கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தா ராகங்களின் எண் அவற்றின் பெயரின் முதல் இரண்டு எழுத்திலேயே இருக்கிறது. மாயாமாளவகௌளை: மா 5, யா 1, திருப்பினால் 15. மேசகல்யாணி: மே 5, ச 6, திருப்பினால் 65.

ஆனால் மேலே தோராவுக்கு நேர்ந்ததுதான் இங்கேயும் நேரும். 'கரகரப்பிரியா' என்று தமிழில் எழுதிவிட்டுக் க 1, ர 2, ஆகவே 21 என்று போட்டால் அது கீரவாணியின் எண். அந்தப் பெயரில் இருப்பது க வர்க்கத்தின் இரண்டாவது க; அதற்கு 2. ஆகவே 22. 'தீரசங்கராபரண'த்தில் தமிழ்த் 'தீ'யை 6 என்று எடுத்தால் 26, சாருகேசியில் போய் நிற்போம். அது நான்காவது த, 9, ஆகவே 29. நான்கு க-வுக்கும் தமிழில் ஒரே வடிவம் என்பதால், தமிழில் அச்சிட்ட பட்டியலை மட்டும் வைத்து இந்தக் கணக்கைப் போடவே முடியாது. கிரந்தத்திலோ தேவநாகரியிலோ பெயரைப் பார்த்தாக வேண்டும்.

கூட்டெழுத்தில் இன்னொரு சிக்கல். கடைசி மெய்யை எடு என்பது பொது விதி. ரத்னாங்கியில் 'த்னா'வுக்கு ந 0, ஆக 02. தர்மவதியில் 'ர்ம'வுக்கு ம 5, ஆக 59. சரியாக வருகிறது. ஆனால் சக்ரவாகத்தில் கடைசி மெய்யான ர-வை எடுத்தால் 26, மேளம் 16. அங்கே முன்னால் உள்ள க்-ஐ எடுக்க வேண்டும். திவ்யமணி 48-உம் விச்வாம்பரி 54-உம் அப்படித்தான், முதல் மெய். இப்படிப்பட்ட விதிவிலக்குப் பெயர்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

நூல்களில் பொது விதியே நிற்கிறது. மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி நாராயணீயத்தை முடிக்கும் 'ஆயுராரோக்யசௌக்யம்': 0, 1, 2, 2, 1, 7, 1. திருப்பினால் 17,12,210. அது கலியுகம் தொடங்கிய நாளிலிருந்து எண்ணிய நாள் கணக்கு. 1586-ஆம் ஆண்டின் கடைசியில் வந்து விழுகிறது.

---

நெல்லைக் கணக்கன்:

ஸ்வரஜதி சொன்னதோடு தமிழ் எண்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ௧ 'க' போலவும், ௨ 'உ' போலவும், ௮ 'அ' போலவும் இருப்பதால் தமிழிலும் எழுத்துக்கு எண் மதிப்பு இருந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். நெடுங்கணக்கு வரிசையில் அ 1, ஆ 2 என்று ஏறும் முறை அல்ல இது. எண் குறிகள் எழுத்து வடிவோடு ஒத்துப்போனவை. ஆனால் அந்த ஒற்றுமையை வைத்து விளையாடியிருக்கிறார்கள். ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடலின் 'எட்டேகால் லட்சணமே' எல்லோருக்கும் தெரியும். எட்டு 'அ', காலுக்குரிய குறி 'வ', சேர்த்தால் 'அவ', அதாவது அவலட்சணமே. திருமந்திரத்தின் 'எட்டும் இரண்டும்' அகர உகரம் என்று உரைகாரர்கள் விரிப்பதும் இந்த வழியில்தான். எண்ணை எழுத்தாக வாசிப்பது இது. கெமட்ரியாவோ எழுத்தை எண்ணாகக் கூட்டுவது. எதிர்த் திசை.

---

நிரல்மொழி:

நிரல் எழுதிக் கணக்கிடுவோருக்கு. எபிரேயம் யூனிகோடில் 1488 முதல் 1514 வரை, 27 இடம். எழுத்து 22தான், காஃப், மேம், நூன், பே, ஸாதே ஐந்துக்கும் சொல்லின் கடைசியில் வேறு வடிவம் உண்டு, அதுவும் மூல வடிவத்துக்கு முந்தைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது (இறுதி மேம் 1501, மேம் 1502). குறியீட்டு எண்ணிலிருந்து 1487-ஐக் கழித்து வரிசை எண் எடுத்தால் தாவ் 22-க்குப் பதில் 27 என்று வரும். 'ஷாலோம்' வரிசை எண்களில் 52 வர வேண்டியது 59 ஆகிவிடும். கழித்தல் வேண்டாம், 27 வரியில் அட்டவணை எழுதி அதில் தேடுங்கள்.

வேதாகம உரையை ஒட்டினால் 1425 முதல் 1479 வரையுள்ள புள்ளிகளையும் இசைக்குறிகளையும் நீக்க வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாக நீக்காதீர்கள். அந்த எல்லைக்குள் 1470 என்ற இணைப்புக்கோடும் இருக்கிறது. அது போனால் இரண்டு சொல் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக எண்ணப்படும். முதலில் அதை இடைவெளியாக மாற்றுங்கள், பிறகு நீக்குங்கள்.

அரபியில் 'அல்லாஹ்' என்பதற்கு ஒரே குறியாக 65010, முழு பிஸ்மில்லாவுக்கு ஒரே குறியாக 65021 என்று உண்டு. உரையில் இவை இருந்தால் நிரல் 786-க்குப் பதில் 0 தரும். பாரசீக, உருது விசைப்பலகையின் காஃப் 1705, அரபியின் காஃப் 1603. இரண்டுக்கும் 20 என்று அட்டவணையில் சேர்க்காவிட்டால் சத்தமில்லாமல் 20 குறையும்.

சோதனைக்கு: ஹாய் 18, தோரா 611, ஷாலோம் 376. மூன்றும் சரியாக வந்தால் அட்டவணை பெரும்பாலும் சரி.

---

மலைச்சாரல்:

ஒரு தளத்தில் ஷாலோமுக்கு 936 போட்டிருக்கிறது.

---

நிரல்மொழி:

இறுதி மேமை 600 என்று எடுக்கும் முறை அது. இறுதி வடிவங்களுக்கு 500 முதல் 900 வரை கொடுப்பார்கள். 'பெரிய எண்' என்று பெயர். தவறல்ல, ஆனால் எந்த முறை என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதுவது தவறு.

---

ஓலைச்சுவடி:

கடைசியாகச் சொன்னது முக்கியம். முறைகள் பல: பூஜ்யங்களை உதிர்த்துவிடும் 'சிறிய எண்', 1 முதல் 22 வரை வரிசை எண், எழுத்தின் பெயரையே எழுதிக் கூட்டும் 'நிரப்பு' முறை. இதோடு ஒன்று கூடக் குறைய இருந்தாலும் பொருத்தமே என்று கொள்ளும் 'கோலெல்' விதி வேறு. அதற்கு ஆதாரமாகக் காட்டுவது ஆதியாகமம் 48:5. எப்பிராயீமும் மனாசேயும் ரூபனையும் சிமியோனையும் போல எனக்கு இருப்பார்கள் என்கிறார் யாக்கோபு. எப்பிராயீம் 331, மனாசே 395, கூட்டினால் 726. ரூபன் 259, சிமியோன் 466, கூட்டினால் 725. ஒன்று வித்தியாசம், ஆனாலும் 'போல' என்று வேதம் சொல்லிவிட்டதே என்பது வாதம்.

அழகான வாதம்தான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். 10,000 சொற்களின் எண்களை 1 முதல் 1000 வரை பரப்பினால், சராசரியாக ஓர் எண்ணில் 10 சொல் விழும். ஒன்று கூடலாம் குறையலாம் என்றால் 30. நான்கு முறையில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் எந்தச் சொல்லோடும் எந்தச் சொல்லையும் ஒட்டிவிடலாம். மேசியாவுக்கும் 358, பாம்புக்கும் 358. 5786 என்ற யூத ஆண்டின் எண்ணும் பிஸ்மில்லாவின் எண்ணும் 786. இதில் எதையும் நிரூபணம் என்று கொள்ளக் கூடாது. ரபிகளும் கெமட்ரியாவைத் தனியாக நிற்கவிட்டுச் சட்டம் இயற்றவில்லை. வேறு வழியில் பெற்ற கருத்துக்குத் துணையாக வைத்தார்கள்.

---

காயல் வாசகன்:

ஒரே இடத்தில் மட்டும் எண் சான்றாக நிற்கிறது ஐயா: எழுதியவரே எண்ணை மனத்தில் வைத்து எழுதிய இடத்தில். எழுத்துகளைக் கூட்டினால் நிகழ்ச்சியின் ஆண்டு வரும்படி எழுதிய பாரசீகக் காலக்குறிப்பு வரிகள் அப்படி. அங்கேயும் சரிபார்க்க வேண்டும். ஹுமாயூன் நூலகப் படியிலிருந்து விழுந்து இறந்ததற்கு 'ஹுமாயூன் பாதுஷா அஸ் பாம் உஃப்தாத்' (ஹுமாயூன் அரசர் மாடியிலிருந்து விழுந்தார்) என்று வரி: 112 + 313 + 8 + 43 + 486 = 962. பாரசீகப் 'ப'வுக்குத் தனி எண் இல்லாததால் பா-வின் 2-ஐயே போட வேண்டும். அவர் இறந்தது 1556 ஜனவரி, ஹிஜ்ரி 963. வரி ஓராண்டு குறைகிறது. சொற்கள் அவ்வளவு இயல்பாக அமைந்துவிட்டதால் குறையோடே அது நிலைத்துவிட்டது.

---

ஓலைச்சுவடி:

அருமை பாய். அதே போல எழுதியவரின் நோக்கம் தெரிய வேண்டிய இன்னோர் இடம், பொ.ஆ. 66-இல் ரோமுக்கு எதிராகத் தொடங்கிய முதல் யூதப் போரின் வெள்ளிக் காசுகள். கிண்ணத்துக்கு மேலே ஷின், பேத் என்று இரண்டு எழுத்து. அட்டவணையைப் பார்த்து 302 என்று வாசித்துவிடாதீர்கள். அங்கே ஷின் எண் அல்ல, 'ஆண்டு' என்ற சொல்லின் சுருக்கம். பேத் மட்டும்தான் எண்: ஆண்டு 2.